தெளிந்த குரலும் உடைந்த குரலும்



இந்த வாரத் தியானத்தை எழுத உட்கார்ந்து மூன்று நாட்கள் ஆகின்றன. வழக்கமாக ஒரு வேதபகுதியை எடுத்து, சிறு சிறு தலைப்புகளாகப் பிரித்து உங்கள்முன் வைப்பேன். இம்முறை அதற்கு மனம் இடம் தரவில்லை. உங்களுக்குப் போதிக்க வேண்டியதைக் காட்டிலும், உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதே எனக்கு அதிகமாக இருக்கிறது.

சென்ற பெரிய வெள்ளியன்று நம் ஆலயத்தில் நான் என் கையை உயர்த்தினேன். உங்களில் பலர் அதைப் பார்த்தீர்கள். சிலர் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "நல்ல வேளை ஐயா, நிறுத்தினீர்கள்" என்றும் சொன்னீர்கள். அந்தக் கையைக் குறித்தே இன்று எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தம்பியிடமும் அவருடைய தாயாரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடவில்லை. நம் சபையார் அவரை அறிவீர்கள். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

அன்று மும்மணி நேர ஆராதனை. ஆண்டவர் சிலுவையில் உரைத்த ஏழு வார்த்தைகளில் நான்காவது என் பங்காக வந்திருந்தது. தாம் கைவிடப்பட்டதாக அவர் உரத்த சத்தத்தோடு கதறிய வார்த்தை அது. நான் நன்றாக ஆயத்தம் செய்திருந்தேன். அந்தக் கதறல் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கம் என்பதையும், அழுகையில் தொடங்கும் அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது என்பதையும் விளக்கினேன். மூலமொழிச் சொற்களை எடுத்துக் காட்டினேன். இருபது நிமிடம் ஓரிடத்திலும் தடுமாறாமல் பேசி முடித்து, திருப்தியோடு என் இருக்கையில் அமர்ந்தேன்.

அடுத்தது பாடகர் குழுவின் பாடல். துக்க நாள் ஆனபடியால் கீபோர்டும் டிரம்ஸும் வேண்டாம், கிட்டார் ஒன்றே போதும் என்று நானே சொல்லியிருந்தேன். முதல் இரண்டு சரணங்களுக்கும் அந்தத் தம்பி மணியோசை போன்ற தெளிவோடு வாசித்தார். மூன்றாம் சரணத்துக்கு முன் பாடகர்கள் மூச்செடுக்கும் இடைவெளியில், காலருகே இருந்த ஒரு ஸ்விட்சை அழுத்தினார். அதுவரை கேட்ட நாதம் மாறிற்று. கரகரப்பாக, நீண்டு இழுபட்டு, அழுது தொண்டை கட்டிய ஒரு மனிதன் பேச முயல்வதைப்போல ஓர் ஒலி எழுந்தது. சத்தம் கூடவில்லை, இப்போது நினைத்துப் பார்த்தால், முன்னைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் இருவர் தலையைத் திருப்பினார்கள். அவர்கள் திரும்பியதை நான் கண்டேன். உடனே என் கை உயர்ந்தது. போதும், நிறுத்து என்னும் அடையாளம்.

பிரியமானவர்களே, நான் என் காதினால் தீர்மானிக்கவில்லை. இரண்டு தலைகள் திரும்பியதைக் கண்ணினால் கண்டு தீர்மானித்தேன். இதை எனக்கே ஒப்புக்கொள்ளப் பல வாரங்கள் ஆயின.

தம்பி உடனே ஸ்விட்சை மாற்றி, மீதிப் பாடலைத் தெளிந்த நாதத்திலேயே முடித்தார். ஆராதனைக்குப் பின் வயர்களைச் சுருட்டிப் பையில் வைத்தார், வழக்கம்போல என்னிடம் ஸ்தோத்திரம் சொன்னார், போனார். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், "இந்த வாரம் அழைத்துப் பேசவேண்டும்" என்று நினைப்பேன். திங்களன்று வேறு வேலைகள் வந்துவிடும். இப்படி ஐந்து ஞாயிறுகள் கழிந்தன.

அவருடைய தகப்பனாரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக நம் கன்வென்ஷன் கூட்டங்களுக்கும் அறுப்பின் பண்டிகைகளுக்கும் மைக் செட் வைத்தவர் அவர். நான் இந்தச் சபைக்கு வந்த முதல் வருடம், மைக்கை விழுங்குவதுபோல வாயருகே பிடித்துக் கத்திப் பிரசங்கித்தேன். கூட்டம் முடிந்ததும் அவர் அருகே வந்து, "ஐயா, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். குழாய் அழுகிறது" என்று பணிவோடு சொன்னார். குரல் உடையாமல் கடைசி வரிசைப் பாட்டிக்கும் கேட்கவேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் ஊழியம். கடந்த ஜனவரிக் கடைசியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். அதன்பின் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் போனேன். தம்பியிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டேன். "நன்றாயிருக்கிறேன் ஐயா" என்றார். நானும் நம்பிவிட்டேன், நம்புவது எனக்கு எளிதாயிருந்தது.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய் மாலை, அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயார் தேநீர் கொண்டுவந்து, "சீனி குறைத்துத்தான் போட்டிருக்கிறேன், ஐயா" என்றார்கள். வீட்டின் பின்னறையில் பழைய மைக் செட் சாமான்கள் அப்படியே இருந்தன. சுவரில் குழாய் ஸ்பீக்கர்கள் வரிசையாகத் தொங்கின. தம்பி எழுந்து நின்றார்.

"தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. கடையில் வேலை அதிகம். அதனால்தான் வர முடியவில்லை."

"தம்பி, அன்று நீ வாசித்ததை இன்னொரு முறை எனக்காக வாசித்துக் காட்டுகிறாயா? அன்று நான் கேட்கவில்லை."

சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையைத் திறந்தார்.

உள்ளே இருந்தது நம் பாமாலைப் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிய ஓர் இரும்புப் பெட்டி. பிரீஆம்ப் மாட்யூல் என்று சொல்கிறார்கள். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மின் அலை மிக மெலிந்தது. ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஒன்றும் கேட்காது. பெரிய ஆம்ப்ளிஃபையர் அதைக் கையில் எடுக்கும் முன்பு, முதலில் அதைத் தூக்கி நிறுத்தி, அதற்கு ஒரு தன்மையைக் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கிளீன், மற்றொன்று ஓவர்டிரைவ். எந்த வழியாய்ப் போகவேண்டும் என்பதைக் காலருகே இருக்கும் ஸ்விட்ச் தீர்மானிக்கிறது.

பெட்டியின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடி வால்வுகள் மங்கிய செந்நிறத்தில் ஒளிர்ந்தன. அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்றும் ஐரோப்பியர்கள் இசிசி83 என்றும் பெயரிட்ட வால்வு அது. 1940களில் தோன்றியது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பெருக்கிகள். ஒவ்வொன்றும் தன்னிடம் வரும் அலையை ஐம்பது மடங்குக்குமேல் பெருக்கவல்லது. டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாவற்றிலுமிருந்து வால்வைத் துரத்திய பின்பும், கிட்டார்க்காரர்கள் பலர் அதை இன்றுவரை விடவில்லை.

"இடப்பக்கம் இருப்பது அப்பாவுடையது ஐயா" என்றார் தம்பி. "பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையரில் கிடந்தது. இந்த மாட்யூலை நான் வாங்கிவந்த அன்று அப்பா சிரித்தார். ஆயுசெல்லாம் நான் இரைச்சலைத் துரத்தினேன், நீ காசு கொடுத்து அதை வாங்கி வருகிறாயே என்றார். பிறகு ஒரு வாரம் கழித்து, அவராகவே இந்த வால்வைத் துடைத்துக் கொண்டுவந்து, இதைப் போட்டுப் பார் என்று கொடுத்தார். அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார்.

முதலில் கிளீன் வழியில் ஒரு தந்தியை மீட்டினார். அதை விளக்கவும் செய்தார். வால்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கொடுக்கப்பட்ட மின்னழுத்தத்துக்கு மேலே அலை எழும்ப முடியாது. கீழேயும் ஓர் அளவுக்குமேல் தாழ முடியாது. ஒரு வீட்டின் கூரையும் தரையும்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளீன் என்பது, அலை அந்த வீட்டுக்குள் தலை இடிக்காமல் நடமாடுவது. தந்தி எப்படி அசைந்ததோ அப்படியே, வடிவம் மாறாமல், பெரிதாகி வெளிவரும்.

பின்பு ஸ்விட்சை அழுத்தி, அதே தந்தியை, அதே விரலால், அதே பலத்தோடு மீட்டினார். இப்போது அலை ஒரு வால்வுப் பகுதியால் பெருக்கப்பட்டு அடுத்ததற்குள்ளும், அங்கே பெருக்கப்பட்டு அதற்கடுத்ததற்குள்ளும் தள்ளப்படுகிறது. வீடு கொள்ளாத அளவுக்கு அலை வளர்ந்துவிடுகிறது. கூரையில் தலை இடிக்கிறது. அலையின் உச்சி தட்டையாகிறது. அப்படித் தட்டையாகும்போது, தந்தியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் அந்த ஒலிக்குள் பிறக்கின்றன. நாம் கரகரப்பு என்று கேட்பது அவற்றையே. அதன் உச்சிகள் வெட்டப்பட்டாலும் அடங்கிய ஒலிகள் கீழிருந்து மேலே தூக்கப்படுவதால், சீக்கிரம் மடிந்துபோகவேண்டிய நாதம் நெடுநேரம் நீடித்து நிற்கிறது.

நான் கேட்டேன்: "அப்படியானால் சத்தத்தை அதிகமாய் வைத்தால் வருவதுதானே இது?"

தம்பி தலையசைத்து மறுத்தார். பெட்டியின் முகப்பில் இரண்டு குமிழ்களைக் காட்டினார். ஒன்று கெயின்; மற்றொன்று மாஸ்டர் வால்யூம். கெயின் என்பது உள்ளே வால்வை எவ்வளவு நெருக்குகிறோம் என்பது. மாஸ்டர் வால்யூம் என்பது வெளியே எவ்வளவு கேட்கவிடுகிறோம் என்பது. கெயினை முழுவதும் ஏற்றி, மாஸ்டரை ஏறக்குறைய அடைத்துவிட்டு வாசித்தார். அடுத்த அறையில் இருந்த தாயாருக்குக் கேட்டிருக்காது. அவ்வளவு மெல்லிய ஒலி. ஆனால் அது உடைந்த ஒலி, நொறுங்கிய ஒலி. பின்பு கெயினைக் குறைத்து, மாஸ்டரை ஏற்றினார். சுவரில் தொங்கிய குழாய்கள் அதிர்ந்தன. ஆனாலும் அந்த நாதத்தில் ஒரு கீறலும் இல்லை.

பிரியமானவர்களே, அந்த இரண்டு குமிழ்களையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சபையின் ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. உள்ளே நெருக்கப்படுவது வேறு; வெளியே கேட்பது வேறு. இந்த இரண்டும் ஒன்று என்று எண்ணியே நான் இத்தனை வருடம் ஊழியம் செய்துவந்திருக்கிறேன். உரத்து அழுகிறவர்களின் வீட்டுக்கு ஓடினேன். "நன்றாயிருக்கிறேன் ஐயா" என்று மெல்லச் சொன்னவர்களைக் கடந்துபோனேன்.

அந்தப் பிள்ளை பிறகு சொன்ன ஒரு காரியம் என்னை இன்னும் விட்டுப்போகவில்லை. அன்று ஆலயத்தில் ஏன் இரண்டே தந்திகளை மட்டும் மீட்டினாய் என்று கேட்டேன். அதற்கு அவர், கிளீன் வழியில் ஆறு தந்திகளையும் சேர்த்து ஒரு முழுச் சுரக்கூட்டை வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும் என்றார். அதே சுரக்கூட்டை ஓவர்டிரைவில் வாசித்தால், ஒன்றோடொன்று மோதி, எவரும் வாசிக்காத அதிர்வுகள் இடையே முளைத்து, எல்லாம் சேறாகிவிடும். ஆகவே அந்த வழியில் வாசிக்கிறவர்கள் சுரங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். சட்ஜமமும் பஞ்சமமும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். "உள்ளே நெருக்கம் அதிகமாகும்போது, சுரத்தைக் குறைக்கவேண்டும் ஐயா" என்றார்.

யோபுவின் நண்பர்களை அந்த நேரத்தில் நினைத்தேன். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து முழுச் சுரக்கூட்டையும் வாசிக்கத் தொடங்கிய பிறகே எல்லாம் சேறாயிற்று. அன்று அந்த வீட்டின் அடக்க ஆராதனையில் நான் எத்தனை சுரங்களை வாசித்தேன்! முப்பத்தைந்து நிமிடம் பிரசங்கித்தேன். இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது.

வீடு திரும்பிய பின், இந்த உடைந்த நாதம் எங்கிருந்து வந்தது என்று சில நாட்கள் தேடிப் படித்தேன். அதன் வரலாற்றில் பழுதுகளே நிறைந்திருக்கின்றன. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் என்பவருடைய ஒலிப்பதிவு நிலையத்துக்கு ஓர் இசைக்குழு மிசிசிப்பியிலிருந்து வந்தது. அதன் கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் வழியில் சேதமடைந்திருந்தது. வேறு கருவி தேடாமல், ஸ்பீக்கர் கூம்பில் காகிதத்தைத் திணித்து, அந்தச் சேதமடைந்த ஒலியோடேயே பாடலைப் பதிவு செய்தார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1961இல், நாஷ்வில்லில் பதிவாகி வெளிவந்த ஒரு பாடலில், ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதானதால் கிரேடி மார்ட்டின் என்பவர் வாசித்த தாழ்சுரக் கிட்டார் நடுவில் கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதே ஒலியை வேண்டுமென்றே உண்டாக்கும் சிறு கருவி ஒன்றை வடிவமைத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்னும் பெயரில் கடைக்கு வந்தது. அந்த மனிதர்கள் பழுதை உடனே மூடவில்லை. முதலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இன்னும் ஒருவரைப்பற்றிச் சொல்லவேண்டும். அவர் நம்மைப் போலவே சபையில் வளர்ந்தவர். சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்னும் சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண். தாயார் சுவிசேஷ ஊழியம் செய்தவர். சிறு பிள்ளையாயிருக்கும்போதே ஆராதனைகளில் கிட்டார் வாசித்துப் பாடினார். எலெக்ட்ரிக் கிட்டாரின் அந்தக் கரகரத்த நாதத்தைத் துதிப் பாடல்களில் துணிந்து பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். இரவு விடுதிகளிலும் அவர் பாடியதால் சபையார் பலர் முகம் சுளித்தார்கள். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பயன்படாமல் கிடந்த ஒரு ரயில் நிலையத்தில், மழை ஈரத்தின் நடுவே அவர் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடிய காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. தம்பி அதை எனக்குக் காட்டினார். அந்த அம்மையாரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, என் உயர்த்திய கை எனக்கு நினைவுக்கு வந்தது.

இதை வாசிக்கும் பெரியவர்கள், "ஐயா இனி ஆராதனையில் எந்தச் சத்தத்துக்கும் கதவு திறந்துவிடப் போகிறார்" என்று எண்ணவேண்டாம். ஓவர்டிரைவ் எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தம்பியும் சொல்லமாட்டார். கெயினை ஏற்ற ஏற்ற, தந்தியின் ஒலியோடு மின்சாரத்தின் ரீங்காரமும் சேர்ந்தே பெருகுகிறது. மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிவருகின்றன. எப்போதும் கோபத்தில் நெருக்கப்பட்டிருக்கும் வீட்டிலும் இப்படித்தான். சோற்றில் உப்பு குறைந்ததற்கும், பிள்ளை தேர்வில் தவறியதற்கும் ஒரே குரல். எது சிறியது, எது பெரியது என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. தகப்பன்மாரே, தாய்மாரே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கும் அவர் ஒரு வழி காட்டினார். ஸ்விட்சை மாற்றவில்லை, பெட்டியைத் தொடவுமில்லை. வலது கைச் சுண்டுவிரலால், கிட்டாரிலேயே இருக்கும் சிறு குமிழைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினார். வால்வுக்குள் போகும் அலை தணிந்தது. கூரை இடிப்பது குறைந்தது. கரகரப்பு விலகி நாதம் மெல்லத் தெளிந்தது. வாசிக்கிறவர் தாமே, தம் விரலாலேயே, தணித்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஒரு கை உயர்ந்து தணிக்கவேண்டியதில்லை.

சகோதர சகோதரிகளே, சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை இந்த வாரம் உங்கள் வீடுகளில் வாசியுங்கள். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் கர்த்தருடைய ஆலயத்தில் நின்று ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. உள்ளே கெயின் உச்சத்தில். வெளியே மாஸ்டர் அடைபட்டிருக்கிறது. ஆசாரியனாகிய ஏலி வாசற்படியண்டை ஆசனத்தில் உட்கார்ந்து அவளுடைய வாயைக் கவனிக்கிறான். கண்ணால் பார்த்தே தீர்ப்புச் செய்கிறான்: இவள் குடித்திருக்கிறாள்.

நான் அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் அன்னாளின் பக்கத்தில் நின்றே பிரசங்கித்தேன். அந்தச் செவ்வாய் இரவில்தான், ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவன் நான் என்பதைக் கண்டேன். கைவிடப்பட்டவரின் கதறலைக் குறித்து இருபது நிமிடம் தெளிந்த குரலில் பேசிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் தகப்பனைப் புதைத்த ஒரு பிள்ளை, தகப்பன் தந்த வால்வின் வழியாக அதே கதறலை இரண்டு தந்திகளில் எழுப்பியபோது, போதும் என்று கையை உயர்த்தினேன். சபையில் அன்று நான்காவது வார்த்தையை உண்மையாய்ப் பிரசங்கித்தவர் அவர். நான் விரிவுரை செய்தேன்.

ஆனாலும் ஏலியிடத்தில் ஒரு நன்மை உண்டு. அன்னாள் தன் இருதயத்தைத் திறந்து சொன்னவுடன் அவன் தன் வார்த்தையைத் திருப்பிக்கொண்டான். அவளை ஆசீர்வதித்து, சமாதானத்தோடே அனுப்பினான். அவள் முகம் அதன்பின் துக்கமாயிருக்கவில்லை என்று வேதம் கூறுகிறது. ஆசாரியனும் தவறலாம், தவறியபின் திருந்தலாம் என்பதற்காகவே அந்தப் பகுதி எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று அந்த அறையில் தம்பியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி, "ஐயா, நீங்கள் போய் என்னிடம்..." என்றார். அவருடைய தாயார் கதவருகே நின்று முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பின்பு நாங்கள் மூவரும் ஜெபித்தோம். நான் நீளமாக ஜெபிக்கவில்லை.

ஆயினும் தனியறையில் கேட்ட மன்னிப்பு போதாது. கையை உயர்த்தியது எல்லார் முன்பாகவும். ஆகவே அதைத் தாழ்த்துவதும் எல்லார் முன்பாகவும் நடக்கவேண்டும். தம்பி, நம் சபையின் நடுவில் உன்னை நான் வெட்கப்படுத்தினேன். அது என் தவறு. உன் வாசிப்பில் தவறில்லை. முன்வரிசைப் பெரியவர்களிடமும் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் திரும்பித்தான் பார்த்தீர்கள், நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள்மேல் நான் பழி சுமத்தவில்லை.

இப்போது அவர் ஆராதனைக்கு வருகிறார். கிட்டாரைக் கொண்டுவரவில்லை. கடைசி வரிசையில், தாயாரின் அருகே உட்காருகிறார். பாடகர் குழுவினர் இரண்டொரு முறை அழைத்தார்கள். சிரித்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். தயவுசெய்து யாரும் அவரை வற்புறுத்த வேண்டாம். அவர் வாசிக்க வரும் நாளில், அந்த ஸ்விட்ச் அவருடைய காலருகே இருக்கும். எப்போது அழுத்தவேண்டும் என்பதை அவர் அறிவார். என் கைகள் என் மடியில் இருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இந்த வாரத்தில், "நன்றாயிருக்கிறேன்" என்று உங்களுக்குப் பதில் சொன்ன ஒருவரை நினைத்துப் பாருங்கள். துக்கம் நடந்து சில மாதங்கள் ஆன வீடு எது என்று யோசியுங்கள். முதல் வாரத்தில் நாம் எல்லாரும் போயிருப்போம், அதன்பின் எவரும் போயிருக்கமாட்டோம். அந்த வீட்டுக்குப் போங்கள். பிரசங்கம் கொண்டுபோக வேண்டாம். கொடுக்கிற தேநீரைக் குடியுங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அதையும் கேளுங்கள்.

ஜெபிப்போமாக.

பரம பிதாவே, மெல்லிய குரலையும் கேட்கிற தேவனே, எங்கள் காதுகளைத் திறந்தருளும். தெளிந்த நாதத்தை மாத்திரம் உமக்கு ஏற்றதென்று எண்ணி, உடைந்த நாதங்களை உமது சமுகத்திலிருந்து விலக்கிய எங்கள் அறியாமையை மன்னியும். சத்தமில்லாமல் நெருக்கப்படுகிறவர்களிடம் எங்களை அனுப்பும். குறைவாய்ப் பேசவும் நெடுநேரம் உடனிருக்கவும் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்